பூட் ஆகாத பிசி: ஆகஸ்ட் குறிப்புகள்

ஆகஸ்ட் 3, 2024, சனி

அக்கா பையன் மதியம் பிசியோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, சில விநாடியில் நிற்கிறது, மறுபடி தானாகச் சுற்றத் தொடங்குகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை. பி450 மதர்போர்டு, ரைசன் 5 5600 ப்ராசஸர் (சிபியூ), 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு.

"என்ன மாப்ள பண்ண?"

"ரேம் வேகத்தை 4000-க்கு ஏத்தினேன் மாமா. வீடியோல அப்படித்தான் காட்டினாங்க. சேவ் பண்ணி ரீஸ்டார்ட் குடுத்தேன், அதுக்கப்புறம் வரவே இல்ல."

அவன் வீட்டுப் பக்கத்துக் கடையில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, போர்டு போய்விட்டது, புதுசு ஏழாயிரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா போனில், "ஓடிட்டிருந்த பெட்டியைக் கெடுத்துட்டான்டா. நீ பாக்கறியா, இல்ல காசைக் குடுத்துடவா?" என்றாள். காசு இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ரேமுக்கு அவன் வைத்தது 1.4 வோல்ட். எக்ஸ்எம்பியே (ரேம் கம்பெனி ரேமிலேயே எழுதி வைக்கும் வேக செட்டிங்) 1.35 கொடுக்கிறது. அந்த வித்தியாசத்துக்கெல்லாம் ஒரு போர்டு சாகாது. இந்த மாதிரி அணைந்து அணைந்து எழுவதைப் பார்த்தால், உயிர் இருக்கிறது, ஆனால் கொடுத்த வேகத்தில் ரேமோடு பேச முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்றுதான் தோன்றுகிறது.

ரைசனில் பவர் கொடுத்ததும் முதலில் விழிப்பது நாம் பயன்படுத்தும் கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) இல்லை. சிப்புக்குள் தனியாக ஒரு சின்ன பாதுகாப்பு ப்ராசஸர் இருக்கிறது. ரேமுக்கு வேகமும் நேரக்கணக்கும் சரிபார்க்கும் 'மெமரி டிரெய்னிங்' அதன் வேலை. அது முடிந்த பிறகுதான் கோர்கள் எழும், பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) ஓடும், படம் வரும். ரேமில் மாட்டிக்கொண்டால் திரை கறுப்பாகவே இருப்பது அதனால்தான். "டிஸ்ப்ளே வரல, அதனால கிராபிக்ஸ் கார்டு போச்சு" என்று எத்தனை பேர் காசை வீணாக்குகிறார்கள்!

போர்டின் ஓரத்தில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு எல்இடி; எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அது எரியும். எரிந்துகொண்டிருப்பது டிராம், அதாவது ரேம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் சிமாஸ் கிளியர், அதாவது பயாஸ் செட்டிங் எல்லாவற்றையும் அழிப்பது. கடையில் இதைச் செய்தார்களா என்று கேட்டேன். "பேட்டரியைக் கழட்டி மாட்டினாங்க மாமா. அப்பவும் மவுஸ்ல லைட் எரிஞ்சிட்டுதான் இருந்துச்சு" என்றான். நல்ல பையன், கவனித்திருக்கிறான். மவுஸ் லைட் எரிந்தால் எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளையிலிருந்து, பிசி அணைந்திருந்தாலும் வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது இருக்கும்வரை பேட்டரியைக் கழற்றினாலும் செட்டிங் அழியாது.

ஒயரையே பிடுங்கினேன். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, கெபாசிட்டரில் மிச்சமிருந்ததையும் காலி செய்தேன். சிஆர்2032 பேட்டரியை எடுத்துவிட்டு, கிளியர் சிமாஸ் பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டேன். பேட்டரி மீட்டரில் 3 வோல்ட் காட்டியதால் அதையே திரும்பப் போட்டேன்.

ஆன் செய்ததும் அந்த அணைந்து எழும் ஆட்டம் நின்றது. ஆனால் டிராம் எல்இடி அணையவில்லை. இது எனக்குப் புதிராக இருந்தது. செட்டிங் அழிந்தால் ரேம் 2133 போன்ற அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும். நல்ல ரேம் அந்த வேகத்தில் ஓடாமல் இருக்காது.

ஒரு ரேமை மட்டும் விட்டு, அதையும் ஏ2-வில் (சிபியூவிலிருந்து இரண்டாவது ஸ்லாட்) போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் திரையில் பயாஸ் லோகோ. பையன் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வேலை முடிந்து வந்து உட்கார்ந்தேன். முதல் ரேம் ஏ2-வில் ஓடுகிறது. இரண்டாவது ரேமும் ஏ2-வில் ஓடுகிறது. ஏ1-லும் ஓடுகிறது. பி1, பி2 இரண்டில் எதில் எதைப் போட்டாலும் டிராம் எல்இடி எரிகிறது.

ஆக ரேம் இரண்டும் நல்லவை. ஒரு ஸ்லாட் கெட்டிருந்தால் இன்னொன்று ஓட வேண்டும். இரண்டும் ஒன்றாகப் போயிருந்தால் பி சேனல் (அந்த இரண்டு ஸ்லாட்டையும் சிபியூவோடு இணைக்கும் பாதை) முழுக்க எங்கோ அறுந்திருக்கிறது. ஓவர்கிளாக் (வேகத்தை ஏற்றி ஓட்டுவது) இப்படி ஒரு சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து அறுக்காது. கூலர் ஒருபக்கமாக இறுகியிருந்தால் இப்படி ஆகலாம், சிபியூ பின் வளைந்திருந்தாலும் ஆகலாம். ஆனால் ரேமை ஏற்றிய அன்றுவரை 16 ஜிபியும் காட்டியது என்கிறான்.

"கடையில கூலரைக் கழட்டினாங்களா?"

"ஆமா மாமா, இழுத்தாங்க, சிபியூவும் சேர்ந்து வந்துருச்சு. திருப்பி வெச்சுட்டாங்க."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்தப் போர்டின் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் சிபியூவின் அடியில் இருக்கும். சாக்கெட் அவற்றைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிப்பதைத் தவிர மேலே மூடி எதுவும் கிடையாது. நடுவில் பூசிய பேஸ்ட் காய்ந்து சிபியூவோடு ஒட்டியிருக்கும் கூலரை நேராக மேலே இழுத்தால் லீவர் பூட்டியிருக்கும்போதே சிபியூ பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிப் பேஸ்டைச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகே தூக்க வேண்டும். சேவை செய்யும் இடத்தில் இதுகூடத் தெரியாமல், அப்புறம் போர்டு போச்சு என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கூலரைத் திருகிக் கழற்றி, லீவரைத் தூக்கி, சிபியூவை எடுத்துக் கவிழ்த்தேன். 1331 பின். மேலிருந்து பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரிகிறது. சிபியூவைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வரிசை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். பின்களுக்கு நடுவில் ஓடும் வெளிச்சக் கோடு ஓர் ஓரத்தில் மட்டும் அடைபட்டிருந்தது. ஒரு பின் சாய்ந்து பக்கத்துப் பின்னில் தலை வைத்திருந்தது.

முதலில் பிளேடின் முனை மழுங்கிய பக்கத்தை இரண்டுக்கும் நடுவில் விட்டுப் பிரித்தேன். பிறகு லெட்டை எடுத்துவிட்ட மைக்ரோடிப் பென்சிலின் குழாய் மூக்கை அந்தப் பின்மேல் மாட்டி, மிக மிக மெதுவாக நிமிர்த்தினேன். இங்கே அவசரம் கூடாது. ஒரே திசையில், கொஞ்சம் கொஞ்சமாக. முன்னும் பின்னும் ஆட்டினால் தங்க முலாம் பூசிய அந்த மெல்லிய கம்பி அடியோடு முறியும், முறிந்தால் சிப்பே போய்விடலாம். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச் காட்டினான்.

தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்ததும் சிபியூ தன் எடையிலேயே தொப்பென்று அமர்ந்தது. அமுக்கத் தேவைப்பட்டால் ஏதோ ஒரு பின் இன்னும் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பேஸ்டைத் துடைத்து, புதுசு வைத்து, கூலர் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்கினேன்.

ஏ2, பி2 இரண்டிலும் ரேம். 16 ஜிபி, டூயல் சேனல்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "அப்ப ஏழாயிரம் வேணாமா?" என்று இருமுறை கேட்டாள்.

ஆகஸ்ட் 7, புதன்

எக்ஸ்எம்பி போட்டு 3200-இல், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ராத்திரி முழுக்க ஓடியது. இலவசப் பதிப்பு தரும் நாலு பாஸிலும் (சோதனைச் சுற்று) பிழை இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

பையனுக்கு ஓவர்கிளாக் ஆசை விடவில்லை, விடவும் வேண்டாம் என்றேன். அவன் ஆடும் வாலரண்ட் கிராபிக்ஸ் கார்டைவிட சிபியூவையும் ரேமையும்தான் அதிகம் கேட்கும். ஆக அவன் எண்ணம் சரியானது. 4000 என்ற எண் மட்டும்தான் இந்த சிப்புக்குப் பொருந்தவில்லை.

ரைசனின் உள்ளே எல்லாவற்றையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக், ரேம் வேகத்தில் பாதியில் ஓடினால்தான் தாமதம் குறைவு. 3200-க்கு அது 1600. 3600-க்கு 1800. 4000 என்றால் 2000. 5000 வரிசை சிப்கள் 1800-ஐப் பெரும்பாலும் தாங்கும், சில 1900 போகும், 2000 அபூர்வம். அந்த வீடியோக்காரர் கையில் இருந்தது வேகத்தை நன்றாகத் தாங்கும் சாம்சங் பி-டை ரேம், இவனிடம் இருப்பது சாதாரண 3200.

3600, டைமிங் (ரேமின் நேரக்கணக்கு) 18-22-22-42, ஃபேப்ரிக் 1800, 1.35 வோல்ட். பூட் ஆனது, விண்டோஸும் வந்தது. மெம்டெஸ்டில் மூன்றாவது பாஸில் பிழை எட்டிப் பார்த்தது. "ஒண்ணு ரெண்டுதானே மாமா?" என்றான். ரேமில் ஒரு பிட் தப்பினாலும் அது டிஸ்கில் எழுதப்படும் ஃபைலுக்குள் போய் உட்காரலாம், இன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்து அவன் ப்ராஜெக்ட் ஃபைல் திறக்காமல் போகலாம். ஒரு பிழை இருந்தாலும் அந்த வேகத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

3200-க்கே திரும்பினோம். டைமிங் 16, எக்ஸ்எம்பி தருவது. அவன் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், அதற்கு மேல்தான் இந்த வேகத்திலேயே ஃபிரேம் வருகிறது.

சிபியூவில் கையால் வோல்டேஜ் வைப்பதை விட்டு, கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 15 கொடுத்தேன். அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் போகும், சூடு குறையும், சிப் உச்ச வேகத்தில் அதிக நேரம் நிற்கும். இதில் தகராறு வந்தால் பெரும்பாலும் கேம் ஓடும்போதைவிட, சும்மா டெஸ்க்டாப்பில் இருக்கும்போதுதான் திடீரென ரீஸ்டார்ட் ஆகும். அப்படி ஆனால் மைனஸ் 10-க்கு இறக்கச் சொல்லியிருக்கிறேன். செட்டிங்கை பயாஸ் ப்ரொஃபைலாகச் சேமித்து, ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுக்க வைத்தேன்.

மாலையில் ஆட்டோ ஏற்றினோம். குலுக்கலில் ஸ்லாட் வளையாமல் இருக்க கிராபிக்ஸ் கார்டைத் தனி அட்டைப்பெட்டியில் போட்டேன். வீட்டில் மாட்டும்போது ஸ்லாட் கொக்கி 'டிக்' என்று விழ வேண்டும், மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் சொருக வேண்டும். 5600-இல் கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் சொருகினால் திரை மறுபடி கறுப்பாகவே இருக்கும்.