முத்திரை விழாத அஞ்சல்கள்

வீட்டு ஆட்களுக்காக நானே நடத்தும் சின்ன மெயில் சர்வர் இது. போஸ்ட்பிக்ஸ் என்ற மென்பொருள் அஞ்சலை வாங்கி, ஸ்பேம்சி என்ற சின்னத் தூதர் நிரல் மூலமாக ஸ்பேம்அசாசின் என்ற குப்பை வடிகட்டியிடம் காட்டும். அது தரும் குப்பை மதிப்பெண் 5-ஐ எட்டினால் குப்பைப் பெட்டி. கொஞ்ச நாளாகச் சில குப்பைகள் மட்டும் நேராக இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன.

வடிகட்டிக்குப் பயிற்சி போதவில்லை என்று நானே முடிவுகட்டினேன். பழைய அஞ்சல்களைப் பார்த்துக் கற்கும் பேய்ஸ் கணிப்பு வேலை செய்யக் குறைந்தது 200 குப்பையும் 200 நல்ல அஞ்சலும் வேண்டும். அதைவிடக் கூடவே ஊட்டினேன். ஒரு மாலை முழுக்கப் போனது, பலன் பூஜ்யம்.

அப்புறம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: தப்பிய அஞ்சலின் ஹெடரை, அதாவது அதன் தலைப்புக் குறிப்புகளை, திறந்து பார்த்தேன். மதிப்பெண் குறைவாக இருக்கும் என்று நினைத்தால், சோதித்த அஞ்சலில் வடிகட்டி முத்திரையாகப் பதிக்கும் எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் என்ற வரியே இல்லை! வடிகட்டி ஏமாறவில்லை, அந்த அஞ்சலை அது பார்க்கவே இல்லை.

தப்பியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் விளம்பரம் முழுவதும் ஒரே படமாக இருந்தது. சர்வரின் பதிவேடான லாகில் தேடினால், அளவு 512000 பைட்டைத் தாண்டியதால் விட்டுவிட்டேன் என்று ஸ்பேம்சி எழுதி வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு, அதாவது 500 கேபிக்கு மேல் போனால் தொடாமல் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் இயல்பான அமைப்பு. அந்தப் படங்களில் ஒன்று வெறும் 380 கேபி. ஆனால் இணைப்புகள் அஞ்சலில் போவதற்காக பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கிவிடும். அஞ்சலாக அது சுமார் 520 கேபி.

சந்தேகம் தீர, ஜிடியூப் சோதனை வரியை எனக்கே அனுப்பிக்கொண்டேன். 1000 மதிப்பெண் வாங்கித் தரும் வரி அது. தனியாகப் போனபோது உடனே பிடிபட்டது. கூடவே ஒரு பெரிய படத்தைக் கட்டி அனுப்பினால், ராஜநடையில் உள்ளே வந்தது. ஸ்பேம்சியின் எஸ் ஆப்ஷனில் அளவு வரம்பை 2 எம்பி ஆக்கினேன். இப்போது இரண்டுமே மாட்டுகின்றன. பெரிய அஞ்சலைச் சோதிக்க நேரம் கூடுதலாகிறதுதான், எங்கள் வரத்துக்கு அது பொருட்டில்லை.

அத்தோடு முடியவில்லை. மறுநாள் காலை 6 கேபி குப்பை ஒன்று, அதிலும் முத்திரை இல்லை. வந்த நேரத்தைப் பார்த்ததும் பொறி தட்டியது. தினமும் விதிகளைப் புதுப்பித்துவிட்டு, ஸ்பேம்அசாசினைப் பின்னணியில் ஓட்டும் நிரலான ஸ்பேம்டியை மறுதொடக்கம் செய்யும் வேலையை நான்தான் அந்த நேரத்துக்கு வைத்திருந்தேன். என் பழைய பெட்டியில் அது எழுந்து நிற்கப் பத்து நொடியாவது பிடிக்கும். ஸ்பேம்சியோ ஒரு நொடி இடைவெளியில் மூன்று தடவை கதவைத் தட்டும். பதில் இல்லையென்றால் அஞ்சல் தொலைந்துவிடக் கூடாதே என்று அப்படியே உள்ளே அனுப்பிவிடும். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. தட்டும் எண்ணிக்கையை 20 ஆக்கினேன்.

நான்கு நாளாக முத்திரை இல்லாத அஞ்சல் ஒன்றுகூட வரவில்லை. நேற்று ஒரு குப்பை தப்பியது. ஹெடரில் 4.7 என்று இருந்தது. சரி, இது வேறு கேஸ்.