ஒரு 'த்'

2018 உள்ளூராட்சித் தேர்தலில் நான் பார்த்த வேலை மிகச் சின்னது. கிளிநொச்சியில் கட்சி அலுவலகத்தில் இருந்து, அச்சகத்துக்குப் போகுமுன் பிரசுரங்களில் பிழை திருத்துவது. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவனுக்கு வேறு என்ன தருவார்கள்? எனக்கும் அது போதுமாக இருந்தது.

அன்று அமைப்பாளர் தம்பி கொண்டுவந்த தாளில் ஏழெட்டு வரிகள்தான். கடைசி வரி: "துரோகிகளை தோற்கடிப்போம்."

"தம்பி, இந்தச் சொல் தேவையா?" என்று கேட்டேன்.

அவர் போனை விட்டுத் தலை நிமிரவில்லை. "ஏன் ஐயா, நீங்கள் சொல்லாத சொல்லே?"

சிவப்புப் பேனையை எடுத்தேன். 'துரோகிகளை' என்பதன் பின்னால் ஒரு 'த்' போட்டேன். இரண்டாம் வேற்றுமை விரிந்தால் வல்லினம் மிகும். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். நடந்தது அவ்வளவுதான்.

அந்தச் சொல் யாரைக் குறித்தது என்பது எனக்குத் தெரியும். முன்பெல்லாம் விகிதாசாரத் தேர்தலில் எதிராளி ஒரு பட்டியலில் எங்கோ இருக்கும் பெயர். அந்த முறை அறுபது வீதம் வட்டாரம், நாற்பது வீதம் பட்டியல் என்று மாற்றியிருந்தார்கள். எதிராளி அடுத்த ஒழுங்கைக்கு வந்துவிட்டார். பெண்களுக்கும் கால்வாசி இடம் என்று சட்டம். எங்கள் வட்டாரத்தில் எதிரே நின்றது என்னிடம் படித்த பிள்ளை. பிள்ளை என்கிறேன், நாற்பது தாண்டியவள். போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் கணவனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு, இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறவள்.

அவளை எப்படித் துரோகி ஆக்குவது? மகள் சி.எஸ்.டி., அதாவது சிவில் பாதுகாப்புத் திணைக்களம், நடத்திய முன்பள்ளியில் ஆசிரியை. அந்தத் திணைக்களம் அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. மற்ற முன்பள்ளிகளில் கிடைக்கும் சில ஆயிரம் ரூபாயைப் பார்க்க அங்கே சம்பளம் பல மடங்கு. வன்னியில் அந்தச் சம்பளத்தால் அடுப்பெரிந்த வீடுகள் கொஞ்சமல்ல. எனக்கும் அது பிடிக்காத விஷயம்தான், மறைக்கவில்லை. அரிவரி தொடங்காத குஞ்சுகள் படையின் நிழலில் படிப்பது சரியில்லை என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் அது வாதம். வாதத்துக்கு அவளிடம் பதிலும் இருந்திருக்கும். 'துரோகி' என்று போட்ட பிறகு அவள் என்ன பதில் சொல்வது?

என்னைப் பழமைவாதி என்பார்கள் பொடியள். மறுக்க மாட்டேன். சட்டம், கோயில், பெரியவர் முன் குரல் தாழ்த்திப் பேசுவது, இவற்றை நம்பித்தான் அரசியலுக்கு வந்தேன். கட்சிக்குள் கத்துகிற கூட்டம் கூடக்கூட, இது எங்கள் கட்சியே இல்லை, எங்கிருந்தோ வந்து ஏறியது என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தத் தம்பியின் கேள்வி வந்து நிற்கும். நீங்கள் சொல்லாத சொல்லே?

1977இல் எனக்கு இருபத்தொரு வயது. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்ற நாடாளுமன்றத் தேர்தல். பிளேட்டால் விரலைக் கீறி, தலைவரின் நெற்றியில் இரத்தப் பொட்டு வைக்க வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். பெருவிரலில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1975 ஜூலை 27இல், யாழ்ப்பாண மேயர் துரையப்பாவைப் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டார்கள். அவரை மேடைக்கு மேடை துரோகி என்றவர்கள் கத்துகிற பொடியள் அல்ல. வேட்டி சால்வையில் வந்த சட்டத்தரணிமார். நாங்கள் கை தட்டினோம். கோயிலடியில் கொலை என்றதும் எங்கள் வீட்டில் அம்மா மட்டும் "கோயிலிலேயா?" என்று கேட்டா. 1989 ஜூலை 13இல் அதே கூட்டணியின் தலைவர்களான அமிர்தலிங்கத்தையும் யோகேஸ்வரனையும் கொழும்பில் சுட்டபோது, அதே சொல்தான் அவர்கள் மேலும் ஒட்டப்பட்டிருந்தது.

ஆனாலும் அந்தக் காலத்துப் பேச்சும் இந்தக் காலத்துக் கூச்சலும் ஒன்றல்ல என்றுதான் படுகிறது. அப்போது ஒரு கண்ணியம் இருந்தது. என்ன கண்ணியம் என்று கேட்டால், தமிழ் பிழையில்லாமல் இருந்தது என்பதைத் தவிர உடனே எதுவும் வாயில் வருவதில்லை.

தேர்தல் முடிந்து இரண்டு கிழமை இருக்கும். சங்கக்கடையில் மாவுக்கு நின்றேன். அவளும் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டேன். அவளே பக்கத்தில் வந்தாள்.

"சேர், அந்த நோட்டீஸ் நீங்கள் திருத்தினதுதானே?"

நான் பேசவில்லை.

"அந்தப் பொடியனுக்கு ஒற்று வராது. 'துரோகிகளைத்' எண்டு சரியாய்ப் போட்டிருந்தது. அதில கண்டுபிடிச்சன்." சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். மாவை வாங்கி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் மறுத்திருந்தாலும் பிரசுரம் வந்திருக்கும், பிழையோடு வந்திருக்கும். பிழை திருத்துபவனுக்குக் கொள்கை முடிவில் என்ன வேலை? இதை எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த வருடத்தோடு கட்சி அலுவலகத்துக்குப் போவதை நிறுத்தினேன். தீவிரவாதம் தாங்காமல் விலகினேன் என்று நண்பர்களுக்குச் சொன்னேன். முழங்கால் வலி என்கிறாள் மனைவி. இரண்டும் உண்மை.

2025 மே தேர்தலுக்கும் கேட்டு வந்தார்கள். வேறு ஒரு தம்பி. பார்வை மங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போகும்போது கதிரையில் ஒரு பிரசுரத்தை வைத்துவிட்டுப் போனார். வாசித்தேன். மூன்றாம் வரியில் ஒரு ஒற்று விடுபட்டிருந்தது. பேனை பக்கத்தில்தான் கிடந்தது. போட்டேன்.