120 படம், 20 எம்பி

சாயங்காலம் ஆறரை மணி. கோயில் கும்பாபிஷேக மலர், 64 பக்கம். காலையில் பிளேட் போட வேண்டும். பென்டிரைவில், பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில் செய்த ஒரே ஒரு ஃபைல், 20 எம்பி. 120 படம் உள்ள மலர் 20 எம்பிதான் என்றாலே பிரஸ்காரருக்கு வியர்க்கும். திறந்தால், படங்களைப் பட்டியலிடும் லிங்க்ஸ் பேனல் முழுக்கச் சிவப்புக் கேள்விக்குறி, அதாவது அசல் படத்தைக் காணோம்.

"படம் நல்லாத்தானே தெரியுது தம்பி?" என்பார் விழாக்குழுச் செயலாளர்.

தெரியும். பிளேஸ் செய்த, அதாவது பக்கத்தில் கொண்டுவந்து வைத்த படம் ஃபைலுக்குள் குடியேறுவதில்லை. திரையில் காட்ட ஒரு சின்னப் பிரதி, அசல் இருக்கும் முகவரி, அவ்வளவுதான் உள்ளே இருக்கும். அந்த முகவரியோ செயலாளர் வீட்டு டி டிரைவ். எச்சரிக்கையை மீறி பிடிஎஃப் எடுத்தால் சின்னப் பிரதியே அச்சேறும். ராஜகோபுரம் கட்டம் போட்ட லுங்கியாகிவிடும்.

செயலாளரின் மருமகன் படங்களைக் கொண்டுவருவார். ஒன்றுக்கு அசலின் புது இடத்தைக் காட்டி ரீலிங்க் செய்யும்போது, விடுபட்டவற்றையும் அந்த ஃபோல்டரில் தேடச் சொல்லி டிக் வைத்தால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அது பார்ப்பது பெயரை, முகத்தை அல்ல. இரண்டு கேமராவிலும் ஐஎம்ஜி 0041 இருந்தால், தலைவர் வாழ்த்துரைக்கு மேல் அன்னதானச் சாம்பார் அண்டா உட்காரும். வேலை தொடங்கும் முன்பே பெயரை மாற்றுவதுதான் மருந்து. பிளேஸ் செய்தபின் மாற்றினால் மறுபடி கேள்விக்குறி.

"எல்லாத்தையும் ஃபைலுக்குள்ளயே எம்பெட் பண்ணிட்டா?"

படத்துக்கு 7 எம்பி வைத்தாலும் ஃபைல் 800-ஐத் தாண்டும். ஒவ்வொரு சேவுக்கும் ஒரு டீ குடிக்கலாம். போட்டோஷாப்பில் அசலைத் திருத்தினாலும் எம்பெட் செய்த படம் மாறாது, அசல் மாறியதைச் சொல்லும் மஞ்சள் முக்கோணமும் வராது. சின்ன லோகோவுக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

செய்ய வேண்டியிருந்தது, ஃபைல் மெனுவில் பேக்கேஜ். எழுத்துரு, படம் இரண்டையும் நகலெடுக்க டிக். கூடவே லிங்க்கைப் புதுப்பிக்கும் டிக். இந்த மூன்றாவதை விட்டால் நகல் ஃபைலும் பழைய டி டிரைவையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு ஃபோல்டரை முழுசாக ஜிப் செய்து கொடுக்க வேண்டும்.

எட்டரைக்குக் கேள்விக்குறி எல்லாம் மறைந்திருக்கும். பின்னட்டையில் உபயதாரர் படம், ஏ4 முழு உயரம். எஃபெக்டிவ் பிபிஐ, அதாவது அந்த அளவில் அங்குலத்துக்கு விழும் பிக்சல், 137. நீளவாக்கில் 1600 பிக்சல்தான். அச்சுக்கு வேண்டிய 300 பிபிஐக்கு 5.3 அங்குலம் தாண்டாது.

"இதோட அசல் இருக்கா சார்?"

"அவரே வாட்ஸ்அப்புல அனுப்பினதுதான் தம்பி. அசல்தான்."