செராமிக்கிலிருந்து இரும்புக்கு: கேமன் ஜிடி4 பிரேக் டிஸ்க் மாற்றிய அனுபவம்

நான்கு டிஸ்க்கையும் மாற்ற ஒரு சனிக்கிழமை போதும். ஆனால் இந்த வேலை முடிய ஏழு வாரம் பிடித்தது. ஸ்பானர் பிடித்தது மொத்தம் எட்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை. மீதி நாட்களைத் தின்றது தவறான பக்கத்து டிஸ்க்கும், கையில் இல்லாத ஒரு சான்றிதழ்த் தாளும்.

வண்டி போர்ஷேயின் 981 தலைமுறை கேமன் ஜிடி4, செராமிக் பிரேக்குக்கான 450 என்ற ஆப்ஷன் எண்ணோடு வந்தது. அதாவது மஞ்சள் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), முன்னே 410 மி.மீ., பின்னே 390 மி.மீ. செராமிக் டிஸ்க். ஓடுவது ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத் தளத்தின் நீண்ட பாதையான நோர்ட்ஷ்லைஃபேயில். சாதாரணச் சாலையில் செராமிக் நெடுநாள் உழைக்கும். டிராக்கில் அப்படியில்லை. கடும் சூட்டில் டிஸ்க்குக்குள் இருக்கும் கார்பன் இழை ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்து போகிறது. தடிமன் பெரிதாகக் குறையாது, எடைதான் இறங்கும். வெர்னியரில் அளந்துவிட்டு "இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். டிஸ்க்கின் தொப்பியில், அதாவது ஹப்பில் உட்காரும் நடுப்பகுதியில், குறைந்தபட்ச எடை பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றி, தூசி போகத் துடைத்து, தராசில் வையுங்கள். இல்லையென்றால் செராமிக் டிஸ்க்கின் தேய்மானத்தை அளக்கும் கார்போடெக் கருவி வைத்திருக்கும் பட்டறையில் காட்டுங்கள். எல்லையைத் தொடுவதற்கு முன்பே கழற்றிவிட்டால் அந்த டிஸ்க்குக்கு விலை உண்டு, தொட்டபின் அது வெறும் கழிவு.

இரும்புக்கு மாற வழி இரண்டு. தொழிற்சாலையின் 380 மி.மீ. இரும்பு டிஸ்க்கைச் சிவப்பு காலிப்பரோடு சேர்த்து வாங்கலாம். அல்லது மஞ்சள் காலிப்பரை அப்படியே விட்டுவிட்டு, அதே 410, 390 அளவில் அலுமினியத் தொப்பி போட்ட இரண்டு துண்டு டிஸ்க் வாங்கலாம். எல்லோரும் ஸ்டீல் என்றாலும் உண்மையில் அது வார்ப்பிரும்பு. நான் எடுத்தது இரண்டாம் வழி. தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், தொப்பி மிச்சம்.

முதல் அடி பெட்டியைத் திறந்ததும் விழுந்தது. முன் டிஸ்க் இரண்டிலும் இடது, வலது என்று ஸ்டிக்கர் சரியாக ஒட்டியிருந்தது. ஆனால் உள்ளே பார்த்தால் இரண்டும் வலது பக்க டிஸ்க். ஸ்டிக்கரையோ மேலே இருக்கும் வெட்டுக் கோடுகளையோ வைத்துப் பக்கம் முடிவு செய்யாதீர்கள். டார்ச் அடித்து, இரண்டு முகங்களுக்கும் நடுவே காற்று போகும் வழியைப் பிரிக்கும் வளைந்த தடுப்புகளைப் பாருங்கள். வண்டியில் மாட்டிய நிலையில், டிஸ்க்கின் மேல்பகுதியில் அவை வெளியே போகப் போக வண்டியின் பின்பக்கம் சாய வேண்டும். அப்போதுதான் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும். மாற்றிப் போட்டாலும் பிரேக் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் சூடு இறங்காது. விற்றவரிடம் படம் அனுப்பி, தவறை ஒப்புக்கொள்ள வைத்து, சரியான டிஸ்க் வந்துசேர மூன்று வாரம்.

மாட்டும் வேலையில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியவை சில உண்டு. காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் ரிசர்வாயரிலிருந்து கொஞ்சம் பிரேக் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், வழிந்தால் பெயின்ட் போய்விடும். காலிப்பரைக் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. காலிப்பர் போல்ட் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு துளியும் இருக்கக் கூடாது. டிஸ்க்கை மாட்டியபின் டயல் கேஜ் வைத்து, சுழலும்போது டிஸ்க் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தேன், 0.05 மி.மீ.க்கு மேல் காட்டினால் கழற்றி மறுபடி தேய்க்க வேண்டியதுதான். பின் டிஸ்க்கின் தொப்பிக்குள் பார்க்கிங் பிரேக் ஷூ இருக்கிறது. துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, டிஸ்க் நின்றதும், தடையின்றிச் சுழலும்வரை சில பற்கள் பின்வாங்க வேண்டும். இதை மறந்தால் பார்க்கிங் பிரேக் பிடிக்காது. வீல் போல்ட்டுக்கு 160 நியூட்டன் மீட்டர்.

பழைய பேடை ஒருபோதும் திரும்பப் போடாதீர்கள். செராமிக்குக்கான கலவை வேறு, இரும்புக்கானது வேறு. மஞ்சள் காலிப்பருக்குரிய வடிவத்திலேயே பாகிட் ஆர்எஸ்எல்29 பேட் போட்டேன். பிரேக் ஆயில் காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப்.

அடுத்து அந்தத் தாள். ஜெர்மனியில் பிரேக் பாகத்தை அங்கீகாரம் இல்லாமல் மாற்றினால் வண்டியின் இயக்க அனுமதியே செல்லாமல் போகும். அந்த மாடலின் பெயர் போட்ட டைலெகுட்டாக்டன் போன்ற ஒரு பாகச் சான்றிதழ் வேண்டும். விற்றவர் "எல்லாச் சான்றிதழும் உண்டு" என்றார். வந்ததோ இரும்பின் தரம் பற்றிய ஆய்வகத் தாள் மட்டும். பரிசோதகர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். போக வர 140 கிலோமீட்டர் வீண். பிறகு ஜெர்மன் வாகன விதிகளின் 21ஆம் பிரிவின்படி தனி வண்டிக்கான பரிசோதனைக்கு, பிரேக் மாற்றங்களில் பழக்கமுள்ள வேறொரு பரிசோதகரைப் பிடித்தோம். அவர் முன்கூட்டியே கேட்டது டிஸ்க்கின் அளவு, எடை, படங்கள், அந்த ஆய்வகத் தாள். பிரேக் சோதனைக்குப் பின் கையெழுத்து விழுந்தது. பணம் கட்டுவதற்கு முன்பே சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் பரிசோதகரிடம் காட்டிவிடுங்கள். எனக்கு நான்கு வாரம் மிச்சமாகியிருக்கும்.

பெட்-இன், அதாவது புது டிஸ்க்கையும் பேடையும் பழக்குவது: துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 30க்குப் பத்து முறை மிதமாக, பிறகு காலியான ஆட்டோபானில் 160லிருந்து ஐந்து முறை அழுத்தமாக. எந்த முறையும் முழுதாக நிறுத்தாதீர்கள். கடைசியில் பிரேக் தொடாமல் கால் மணி நேரம் ஓட்டி ஆறவிடுங்கள்.

இரும்பு டிஸ்க்கின் எடை செராமிக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மேடு பள்ளத்தில் முன்சக்கரம் முன்பைவிடக் கனமாக இறங்குவது ஸ்டீயரிங்கிலேயே தெரிகிறது. மழையில் நின்றால் மறுநாள் துரு. ஆனால் நோர்ட்ஷ்லைஃபேயின் ஆரெம்பெர்க் வளைவுக்கு முன் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது டிஸ்க்கின் விலை இப்போது மனதில் ஓடுவதில்லை, அது பெரிய நிம்மதி. ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பின்னும் வெட்டுக் கோடுகளின் ஓரத்தில் விரிசல் தேடுங்கள். மயிரிழைக் கோடுகள் வரும், கவலை வேண்டாம். விளிம்பைத் தொட்டுவிட்ட விரிசல் என்றால் அன்றே அந்த வளையத்தை மாற்றிவிடுங்கள்.