டில்லன் போகிற வண்டி

"மின்சார பிக்அப் டிரெய்லரை இழுக்காதுன்னு சொல்றீங்களா?" என்று ஃபோர்மேன் கேட்டார்.

"இழுக்கும். டீசலை விட நல்லாவே இழுக்கும்" என்றேன்.

"அப்புறம் ஏன் வேண்டாங்கறீங்க?"

நாலு பிக்அப் மாற்ற வேண்டிய பட்டியல். மூன்றுக்கு மின்சார வண்டி, அமெரிக்காவின் கொலராடோவில் டென்வரிலிருந்து மலைக்கு மேலே டில்லன் பக்கம் வேலைக்குப் போகிற நாலாவதற்கு மட்டும் டீசல் என்று என் பரிந்துரை போய்விட்டது. கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அதே விடைதான் வருகிறது. ஆனால் ஃபோர்மேன் கடைசியாகச் சொன்னது உறுத்துகிறது: "நீங்க கணக்குப் போட்டது வருஷத்துலயே மோசமான நாளுக்கு. நாங்க வண்டி ஓட்டறது மத்த எல்லா நாளுக்கும்."

முதலில் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரத்தில் வருகிற இழுவைத் திறன் எண் தூரத்தைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. ஃபோர்டின் மின்சார பிக்அப்பான எஃப்-150 லைட்னிங்கில் பெரிய பேட்டரியும் டிரெய்லர் பேக்கேஜும் சேர்ந்தால் 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ. இன்னொரு மின்சார பிக்அப்பான ரிவியன் ஆர்1டி 11,000 பவுண்டு. பிக்அப் கம்பெனிகள் பின்பற்றுகிற, எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 இழுவைச் சோதனையில் முக்கியமான கட்டம் அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கம் ஏறுகிற சாலை. 11.4 மைலில் ஏறக்குறைய 3,000 அடி ஏற்றம். வெளியே குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், உள்ளே ஏசி முழு வேகத்தில். அப்படியும் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும், பிரேக் பிடித்தால் நிற்க வேண்டும், டிரெய்லர் ஆடக் கூடாது. இதிலெல்லாம் மின்சார மோட்டார் அசத்திவிடும். லைட்னிங்குக்கு 775 பவுண்டு-அடி டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை), ஆக்ஸிலரேட்டரைத் தொட்ட மாத்திரத்தில் கிடைக்கும். 11,000 அடி உயரத்தில் காற்று மெலிந்து, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்து திணறும்போதும் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சரிவின் உச்சிக்குப் போனபின் பேட்டரியில் என்ன மிச்சம் என்று மட்டும் அந்தச் சோதனை கேட்காது.

லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 கிலோவாட் மணி. ஒரு கேலன் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் 33.7 கிலோவாட் மணி. அப்படியானால் முழு பேட்டரியும் நாலு கேலன் பெட்ரோலுக்குச் சற்றுக் குறைவு. எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கிறது, மோட்டார் அவ்வளவாக வீணடிப்பதில்லை; அதனால்தான் வெறும் வண்டியாக 300 மைல் ஓடுகிறது. பெட்டி டிரெய்லர் மாட்டினால் பெட்ரோல் வண்டிக்கும் மைலேஜ் பாதியாகிவிடும், அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 36 கேலன் டாங்கில் பாதியானாலும் 300 மைல் ஓடும், நிரப்பப் பத்து நிமிடம் போதும். இரண்டு வண்டிக்கும் குறைவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். குறைந்த பிறகு மறுபடி நிரப்புவதில்தான் வித்தியாசம்.

அடுத்தது எடை. ஃபோர்மேன் ஆரம்பத்திலேயே, "மண்ணு தோண்டற மினி எக்ஸ்கவேட்டர் டிரெய்லர்தானே பிரச்சினை, சாமான் பெட்டி டிரெய்லர் லேசுதானே" என்றார். அனுபவஸ்தர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். டீசலில் ஏற்றத்தில் எஞ்சின் உறுமுவதைக் கேட்டே பழகியவர்களுக்கு எடைதான் எதிரி. நெடுஞ்சாலை வேகத்தில் மின்சார வண்டிக்குக் காற்றுதான் எதிரி. மோட்டார்டிரெண்ட் பத்திரிகை லைட்னிங் பிளாட்டினத்தில் மூன்று கேம்பர் (தங்கும் வசதியுள்ள) டிரெய்லர்களை மாட்டிப் பார்த்தது. 3,140 பவுண்டு டிரெய்லரோடு 115 மைல், 5,260 பவுண்டோடு 100, 7,218 பவுண்டோடு 90. வெறும் வண்டிக்கு 300 மைல் என்று சான்று பெற்ற மாடல் அது. மிக லேசான டிரெய்லரை மாட்டியதுமே ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் போய்விட்டது. அதன்பின் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ஆகவே தாழ்வான திறந்த டிரெய்லரில் கையை மடக்கிக் கட்டிய 7,000 பவுண்டு எக்ஸ்கவேட்டரை விட, எட்டடி உயரத்துக்குத் தட்டையான முகத்தோடு நிற்கிற 5,000 பவுண்டு சாமான் பெட்டிதான் சமதளத்தில் அதிக மின்சாரம் குடிக்கும். வேகமும் சேர்ந்தால் இன்னும் மோசம்: 60 மைலிலிருந்து 70-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 36 சதவீதம் கூடும். பெட்டியோடு 60-ல் போனால் மைலுக்கு ஒரு கிலோவாட் மணிக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

மலை ஏறும்போது மட்டும் எடை தன் பங்கைக் கேட்கும். டென்வர் 5,280 அடி. ஐ-70 சாலையில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,158 அடி. தூரம் சுமார் 60 மைல், கடைசிப் பகுதியில் 7 சதவீதம் வரை சரிவு. வண்டி, ஆட்கள், பெட்டி எல்லாம் சேர்த்து 12,000 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். இதை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 27 கிலோவாட் மணி. இழப்பெல்லாம் சேர்த்தால் 30. காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் 60 முதல் 66. மொத்தம் 90 முதல் 96. நூறு சதவீத சார்ஜில் கிளம்பினால் சுரங்கத்தின் வாயில் 27 முதல் 31 சதவீதம் மிச்சம். அங்கிருந்து டில்லனுக்கு இறக்கம். பிரேக் வழியாகத் திரும்ப வருகிற மின்சாரம் அந்தப் பத்து மைல் செலவை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். இது கோடைக் கணக்கு. உறைபனி காலத்தில் ஓட்டச் செலவு 20, 25 சதவீதம் ஏறும். எதிர்க்காற்றும் அடித்தால் டில்லன் போய்ச் சேரும்போது பத்துச் சொச்சம் சதவீதம். திரும்பி வர 65 கிலோவாட் மணி போல வேண்டும். ஆக, நடுவில் சார்ஜ் போடாமல் முடியாது.

இங்கேதான் நான் சார்ஜர் இட அமைப்பைச் சொன்னேன். பெரும்பாலான விரைவு சார்ஜர்கள் கார் நிறுத்தும் கட்டத்தின் தலைமாட்டில் இருக்கின்றன. பெட்ரோல் பங்க் போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் இடங்கள் குறைவு. லைட்னிங்குக்கு சார்ஜ் வாய் முன் இடது பக்கவாட்டில். மூக்கை உள்ளே விட்டால் டிரெய்லர் பின்னால் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். செவர்லேயின் மின்சார பிக்அப்பான சில்வராடோ ஈவிக்கு அது பின் இடது பக்கம். ரிவர்ஸில் வர வேண்டும், டிரெய்லரோடு அது நடக்காத காரியம். கழற்றுவதென்றால் சமதளம் பார்க்கணும், டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வைக்கணும், எடை பரப்புகிற கம்பிகளை விடுவிக்கணும், ஏழு முனை பிளக், டிரெய்லர் கழன்றுபோனால் அதன் பிரேக்கைப் பிடிக்கிற பிரேக்அவே வயர், பாதுகாப்புச் சங்கிலிகள் எல்லாவற்றையும் எடுக்கணும், ஜாக்கை இறக்கி, டிரெய்லரை வண்டியோடு இணைக்கிற கப்ளரைத் தூக்கணும். அப்புறம் அதே வேலை தலைகீழாக. பனியில் கையுறையோடு செய்தால் ஆளுக்குப் பொறுமை போய்விடும். அவசரத்தில் சங்கிலியையோ பிரேக்அவே வயரையோ மறந்துவிடுவதுதான் இதில் உண்மையான ஆபத்து.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிரெய்லர் சைட்டுலதானே நாள் பூரா நிக்குது? வண்டி சும்மாதானே இருக்கு? சாப்பாட்டு நேரத்துல ஒருத்தன் சில்வர்தோர்ன் போய் சார்ஜ் போட்டுட்டு வந்துடுவானே" என்றார்.

நியாயமான பதில். லைட்னிங்கின் பெரிய பேட்டரிக்கு 15-லிருந்து 80 சதவீதத்துக்கு 41 நிமிடம் என்று ஃபோர்டு சொல்கிறது. சில்வர்தோர்ன் பக்கத்து ஊர்தான். நான் சொன்ன கழற்றும் தொல்லை முழுவதும், வழிப்போக்கில் சார்ஜ் போடுகிறவர்களுக்கானது. வேலைக்குப் போகிறவர்கள் டிரெய்லரைச் சைட்டில் விடத்தான் போகிறார்கள்.

ஆனாலும் பரிந்துரையை மாற்றவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. சில நாள் எக்ஸ்கவேட்டரை இறக்கிவிட்டு, வெறும் டிரெய்லரோடு உடனே திரும்பி அடுத்த சைட்டுக்கு ஓட வேண்டியிருக்கும். அன்றைக்கு ஓய்வு நேரமே இருக்காது. பனிக்காலத்தில் வண்டி வெளியே குளிரில் நின்றால் பேட்டரி ஆறிவிடும். சார்ஜரில் போட்டாலும் மெதுவாகத்தான் ஏறும். ஆறிய பேட்டரி இறக்கத்தில் திரும்ப வருகிற மின்சாரத்தையும் முழுதாக வாங்காது. அப்போது சாதா பிரேக்தான் சுமையைத் தாங்க வேண்டும். சார்ஜருக்குப் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடேற்றச் சொல்லி நேவிகேஷனில் போட வேண்டும் என்பதை எல்லா ஓட்டுநரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாலை அடைபட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தேன். அந்தக் கேள்வி அவ்வளவு பலமானதல்ல. ஐ-70-ல் மூன்று மணி நேரம் நின்றாலும் ஹீட்டருக்கு 3 கிலோவாட் என்று வைத்தால் மொத்தம் 9 கிலோவாட் மணி. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குக் காற்று எதிர்ப்பும் இல்லை. அவர் அதை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நானே ஒத்துக்கொண்டிருப்பேன்.

"பெரிய பேட்டரி வண்டியா எடுத்தா?" என்பது அடுத்த கேள்வி. சில்வராடோ ஈவியில் 200 கிலோவாட் மணிக்கு மேலேயே இருக்கிறது. டில்லன் போய்த் திரும்பும் கணக்கு அநேகமாகத் தேறிவிடும். ஆனால் இரவில் நிரப்புவது வேறு கதை. 48 ஆம்பியர் சார்ஜர் தருவது 11.5 கிலோவாட். மாலை ஏழுக்கு வந்து காலை ஆறுக்குக் கிளம்பினால் லைட்னிங் ஏறக்குறைய நிரம்பும், சில்வராடோ நிரம்பாது. மின் இணைப்பைப் பெரிதாக்குகிற செலவை யாரும் வண்டி விலையில் சேர்த்துப் பார்ப்பதில்லை.

தூரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றைக் கூட்டத்தில் யாருமே கேட்கவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சுமையும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்று. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது வண்டியின் பின்னால் அதை மாட்டுகிற இடத்தில், இறங்கும். அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஸ்டிக்கரில் 1,700 பவுண்டு என்றிருந்து, 7,000 பவுண்டு டிரெய்லர் ஹிட்ச்சில் 900 இறக்கினால், மூன்று ஆட்களுக்கு 600 போக மிச்சம் 200. இரண்டு டூல் பாக்ஸ் வைத்தால் முடிந்தது. 10,000 பவுண்டு இழுக்கும் என்ற எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் முதலில் மீறுவது இந்த எல்லையைத்தான். எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்க்காமல் எந்த வண்டியையும் முடிவு செய்யக் கூடாது.

ஊருக்குள் ஓடுகிற மூன்று வண்டிகளில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாளைக்கு 40, 50 மைல், வேகம் குறைவு, மாலையில் யார்டுக்குத் திரும்பிவிடும். செலவு 50 கிலோவாட் மணி, ராத்திரி ஐந்து மணி நேரத்தில் நிரம்பும். சந்துக்குள் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். லைட்னிங்கில் 9.6 கிலோவாட் வரை பிளக் வசதி எடுத்தால் கான்கிரீட் வெட்டும் ரம்பத்துக்குத் தனி ஜெனரேட்டர் சுமக்க வேண்டாம். இப்படிப்பட்ட வேலைக்கு இன்னும் டீசல் வாங்குவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

என் முடிவுக்குச் சான்றாக அலுவலகத்தில் சிலர் கம்பெனிகளின் அறிவிப்புகளைக் காட்டுகிறார்கள். ராம் கம்பெனி 2025 செப்டம்பரில் முழு மின்சார 1500 பிக்அப்பைக் கைவிட்டு, 92 கிலோவாட் மணி பேட்டரியோடு 3.6 லிட்டர் வி6 எஞ்சின் ஜெனரேட்டர் வைத்த வண்டியைத்தான் தரப்போவதாகச் சொன்னது. 14,000 பவுண்டு இழுக்கும் என்கிறது. டிசம்பரில் ஃபோர்டும் முழு மின்சார லைட்னிங்கை நிறுத்தி, அடுத்ததில் ஜெனரேட்டர் வரும் என்றது. இழுவைக்குத் தூரம் போதவில்லை என்பது இதில் ஒரு காரணம்தான். ஆனால் மின்சார வண்டிக்கான அமெரிக்க மத்திய அரசின் வரிச் சலுகை அதே செப்டம்பர் 30-உடன் முடிந்தது, வண்டி விலையும் எக்கச்சக்கம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு 'பார், நாம சொன்னதுதான் சரி' என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. டில்லனில் நாள் முழுக்க நிற்கிற வண்டிக்கும் அந்த அறிவிப்புகளுக்கும் சம்பந்தம் குறைவு.

ஃபோர்மேன் சொன்னதற்கு வருகிறேன். பெரும்பாலான நாளுக்கு மின்சார வண்டி போதும், மோசமான நாளுக்கு மட்டும் டீசலை வாடகைக்கு எடுங்கள் என்று எழுதியிருக்கலாம். சாதாரண வாடகைக் கம்பெனிகள் பல டிரெய்லர் இழுக்க அனுமதிப்பதில்லை. வேலை வண்டிகளை வாடகைக்கு விடுகிற இடங்கள் அனுமதிக்கும், முன்கூட்டியே சொல்லணும். மோசமான நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை என்பது என் பதில். வானிலை அறிக்கை இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறதே என்பது அவர் பதிலாக இருக்கும். அதற்கு மேல் எனக்கு வாதம் ஓடவில்லை. ஒரு வருடத்தில் ஐந்து நாள் என்றால் அவர் சொல்வது சரி. ஐம்பது என்றால் நான். இருபதென்றால்?

பெட்ரோல் கார்டு பதிவுகளை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தேதி, ஊர், கேலன் மூன்றும் அதில் இருக்கும். டில்லன் போன நாட்களை எண்ணி, பெட்டி எத்தனை, எக்ஸ்கவேட்டர் எத்தனை, உடனே திரும்பியது எத்தனை என்று பிரித்துவிடலாம். எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் பரிந்துரையை மாற்றுவது என்று பதிவு வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். வந்த பிறகு எழுதினால், எனக்குச் சாதகமான எண்ணைத்தான் எழுதுவேன்.