ஹாம்ஷிக் தங்கிவிட்ட ஊர்

இத்தாலியின் நாப்போலியில் இலங்கையர் கனபேர். பெரும்பாலும் சிங்களவர், எங்கட ஆட்கள் கொஞ்சம்தான். பாதிப்பேருக்கு வீட்டுவேலை, இல்லாவிட்டால் வயதுபோனவர்களைப் பார்க்கிற வேலை. எனக்கும் அதுதான் கிடைத்தது. நான் பார்த்த பெரியவருக்கு உதைபந்தாட்டத்தை விட்டால் வேறு கதை கிடையாது. அதனால் இந்த ஊரின் பஸ் வழிகள் பிடிபடுவதற்கு முன்பே, இந்த ஊர்க் கழகத்துக்கு ஆடிய மாரெக் ஹாம்ஷிக்கின் வரலாறு எனக்குப் பாடமாகிவிட்டது.

ஹாம்ஷிக் 1987இல் ஸ்லோவாக்கியாவின் பான்ஸ்கா பிஸ்த்ரிட்சாவில் பிறந்தவர். ஸ்லோவான் பிராட்டிஸ்லாவாவில் ஆடிக்கொண்டிருந்த பொடியனை 17 வயதில் இத்தாலியின் பிரெஷியா கழகம் கூட்டிவந்தது. வந்த முதல் பருவத்திலேயே அந்தக் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இரண்டு வருடம் அங்கேயே கிடந்து ஆடினார். 2007இல் நாப்போலிக் கழகம் அவரை வாங்கியபோது, அந்தக் கழகமும் நொடித்துப்போய், மூன்றாம் பிரிவிலிருந்து படிப்படியாக ஏறி, அப்போதுதான் முதல் பிரிவுக்குத் திரும்பியிருந்தது.

காசுள்ள ஆட்டக்காரர்கள் பொசில்லிப்போ மேட்டில் கடல் தெரிகிற வீடாகப் பார்ப்பார்கள். இவர் பயிற்சித் திடல் இருக்கிற காஸ்தெல் வோல்த்தூர்னோவிலேயே குடியிருந்தார். கானாக்காரரும் நைஜீரியரும் விடியற்காலையில் வீதி வளைவுகளில் நின்று, தோட்டவேலைக்கோ கட்டடவேலைக்கோ ஆள் ஏற்ற வருகிற வான்களைப் பார்த்திருக்கிற கரையோரம் அது. நகரத்து ஆட்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு ஹாம்ஷிக்கில் மதிப்பு வந்தது அந்த விலாசத்தைக் கேட்ட பிறகுதான். ஒருமுறை துப்பாக்கியைக் காட்டி அவருடைய கைக்கடிகாரத்தைப் பறித்தார்கள். வடக்கத்திப் பெரிய கழகங்களுக்கும் அவர்மேல் கண் இருந்தது. ஆள் அசையவில்லை. என்னைக் கேட்டால், அவருடைய கோல்களைவிட அதுதான் பெரிய காரியம்.

2010 உலகக்கோப்பையில் அவர் தலைமையில் ஸ்லோவாக்கியா 3-2 என்று இத்தாலியை வென்று, நடப்புச் சம்பியனை முதல் சுற்றோடு வீட்டுக்கு அனுப்பியது. பெரியவருக்கு அதில் பெரிய கவலை ஒன்றும் இல்லை. "இத்தாலி தோற்றதுதான். ஆனால் தோற்கடித்தது எங்கட பொடியன்" என்றார்.

2017 டிசம்பரில் சம்ப்டோரியாவுக்கு எதிராக ஹாம்ஷிக் நாப்போலிக்கான தன் 116ஆவது கோலை அடித்து, முன்பு இதே கழகத்தில் ஆடிய மரடோனாவின் 115ஐத் தாண்டினார். மரடோனா படத்துக்கு மாடம் கட்டி விளக்கு வைக்கிற ஊர் இது. எழும்பிக் கைதட்டிய பெரியவர், இருந்த கையோடு விரலை ஆட்டி, "எண்ணிக்கையில் மட்டும், விளங்குதா?" என்று என்னை எச்சரித்தார், ஏதோ நான்தான் கோல் அடித்த மாதிரி.

அந்தப் பருவத்தில் 91 புள்ளி எடுத்தும் நாப்போலிக்கு யுவெந்துஸ் கழகத்துக்குப் பின்னால் இரண்டாமிடம்தான். 2019இல் ஹாம்ஷிக் சீனாவின் டாலியனுக்குப் போனார். பிறகு சுவீடனில் கொஞ்சக்காலம், அதன்பின் துருக்கியின் திராப்சோன். நாப்போலியில் 520 ஆட்டம் ஆடியும் கிடைக்காத லீக் பட்டம், திராப்சோனில் முதல் பருவத்திலேயே, 2022இல் கைக்கு வந்தது. அந்தக் கழகம் 38 வருடமாகக் காத்திருந்த பட்டம் அது.

அடுத்த வருடம் நாப்போலியும் வென்றது. நடுக்களத்தில் நின்றது இன்னொரு ஸ்லோவாக்கியர், ஸ்தனிஸ்லாவ் லொபோட்கா. அன்றிரவு வெடிச்சத்தத்தில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. எங்கள் சந்துப் பொடியன் ஒருவன் மட்டும் லொபோட்காவின் 68ஐ விட்டுவிட்டு, சாயம்போன ஹாம்ஷிக்கின் 17ஆம் இலக்க ஜெர்சியோடு ஓடித் திரிந்தான்.