குடியை விட்டதற்கு வைராக்கியம் காரணமில்லை

கலியாண வீடுகளில் இப்போது என்னைக் காட்டி, "ஆளுக்குச் சரியான வைராக்கியம், ஒரே நாளில் விட்டுட்டார்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பி, பல வருடம் குடித்த ஒருவர் ஒரே நாளில் நிப்பாட்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு வேலை எனக்கு. கடை பூட்டியதும் ஆமர் வீதிப் பக்கமாகக் கொட்டாஞ்சேனைக்கு நடப்பேன், வழியில் ஒரு கால் போத்தல் சாராயம். கால் அரையானது. கடைசி வருடங்களில் காலையிலும் கொஞ்சம் தேவைப்பட்டது, வெறிக்காக இல்லை, கை நடுங்காமல் இருக்க. பில் எழுதும்போது இலக்கங்கள் கோட்டைத் தாண்டி ஓடும். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதுவேன். போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, மதுக்கடைகளைப் பூட்டிவிடுவார்கள் என்று முதல் நாளே வரிசையில் நின்று வாங்கி வைப்பேன். பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) போகிறவர்கள்கூட என்னளவுக்குக் கலண்டரில் போயாவைத் தேடியிருக்க மாட்டார்கள்.

1926 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தது மனைவிதான். அது அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். கொழும்பில் அங்கொடை என்பதை ஏசுவதற்குத்தான் பாவிப்போம், அதனால் வீட்டில் பெரிய சண்டை. பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்கே போகலாம் என்று போனில் சொன்னார்களாம். சரி, போனோம்.

சிங்கள டொக்டர். "மல்லி (தம்பி), ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் பாதிக் கணக்குச் சொன்னேன். அவர் எழுதவில்லை, மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார். "இன்றைக்கே நிப்பாட்டுகிறேன் டொக்டர்" என்றேன் வீராப்பாக. வேண்டவே வேண்டாம் என்றார். நாள் முழுக்கக் குடித்துப் பழகிய மூளைக்குத் திடீரென்று மது கிடைக்காவிட்டால் சில மணித்தியாலத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இடம், ஆள் தெரியாமல் குழம்பி, இல்லாத பூச்சி பாம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் சாகவும் கூடும்.

வார்டில் சேர்த்தார்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசெபாம் மாத்திரையை முதலில் கூடுதலாகக் கொடுத்து, பிறகு நாளுக்கு நாள் குறைத்தார்கள். கூடவே தயமின் ஊசி. குடிக்கிறவர்களின் உடம்பில் இந்த விற்றமின் பி1 குறைந்துவிடும், மோசமாகக் குறைந்தால் ஞாபகசக்தியே போய்விடுமாம். மிஸி (தாதி) வந்து இரண்டு கையையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லுவார். என் விரல் ஆடுவதை நானே அப்படி உட்கார்ந்து பார்த்தது அங்கேதான். கட்டில் விரிப்பு வியர்வையில் நனைய நனைய மாற்றினார்கள். காசு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு டைசல்பிராம். இதைப் போட்டுக்கொண்டு குடித்தால், ஈரல் மதுவை உடைக்கும் வேலை பாதியில் நின்று முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேலை இருக்கும். காலைத் தேத்தண்ணியோடு மனைவி தர, அவளுக்கு முன்னாலேயே விழுங்குவேன். ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். விசயம் தெரியாமல் அவர் வெளியே போய்க் குடித்தால் உயிருக்கு ஆபத்து. எனக்குத் தெரிந்துமே நத்தாருக்குப் பக்கத்து வீட்டு அன்ரி தந்த கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்ரி, பிராண்டி ஊத்தினதா?" என்று கேட்க வேண்டியிருந்தது. ஊத்தித்தான் இருந்தார்.

மருந்து செய்த வேலை அவ்வளவுதான். பின்னேரம் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் என்ன செய்வது? அதற்கு மாத்திரை கிடையாது. முதலில் பாதையை மாற்றினேன். செட்டியார் தெரு நகைக்கடைகளைத் தாண்டி ஜம்பட்டா வீதிக்கு ஏறினால் எனக்குக் கடன் தரும் பார் எதுவும் இல்லை. சம்பளம் நேரே மனைவியின் கைக்குப் போனது. ஆசை வந்தால் முதலில் வயிற்றை நிரப்பு என்றார் டொக்டர். இரண்டு வடையும் பிளேன்டீயும் உள்ளே போனால், பெரும்பாலும் அரை மணித்தியாலத்தில் அது அடங்கிவிடும்.

அப்புறம் ஏஏ கூட்டம், அதாவது குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை டொக்டரும் தொடங்கியது, இரண்டு பேருமே குடியில் விழுந்து எழும்பியவர்கள். கடவுள், பிரார்த்தனை என்று வரும் பகுதி எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ஆனால் நான் சொல்லும் பொய்களை நான் சொல்லி முடிக்க முன்னமே கண்டுபிடிக்கிறவர்கள் அங்கே இருந்தார்கள், அதற்காகவே போனேன். மாத்திரை முடிந்த பிறகு ஒரு முறை சறுக்கினேன். பெரிய கதை இல்லை. கிளினிக் திகதி வரைக்கும் காத்திராமல் அடுத்த நாளே போய்ச் சொன்னேன்.

கலியாண வீட்டில் "ஒண்டே ஒண்டு மச்சான்" என்று வருகிறவர்களுக்கு நான் கொள்கை பேசுவதில்லை. "மருந்து எடுக்கிறேன்" என்பேன், கையில் ஜிஞ்சர் பியர் இருக்கும், அது மது இல்லாத இஞ்சிச் சோடாதான். கொள்கை என்றால் வாதாட வருவார்கள், மருந்து என்றால் விட்டுவிடுவார்கள்.

போன கிழமை மனைவியின் தம்பி போன் எடுத்தான். ஆடிவேலுக்கு மாலை போட்டு அன்றோடு குடியை விடப்போகிறானாம். மாலையைப் போடு, அதற்கு முதல் வியாழக்கிழமை என்னோடு கிளினிக்குக்கு வா என்றேன். விடிய ஆறு மணிக்கே போனால்தான் நம்பர் முன்னுக்குக் கிடைக்கும்.